டோக்கன் மேசைக்கு வந்த சட்டக் கேள்விகள்

மருத்துவமனை வரவேற்பிலும் கேஸ் ஷீட் அறையிலும் ஊசி போடும் அறையிலும் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சட்டச் சந்தேகங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் குரல் பதிவுகள். இரவு ஷட்டர் இறக்கியபின், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்து பேசியிருக்கிறார்கள். பின்னால் கண்டக்டர் விசில் கேட்கிறது. எனக்கு அந்த நேரமும் அந்தக் களைப்பும் தெரியும். வக்கீல் கோட்டு போடுவதற்கு முன்பு நெல்லைப் பக்கம் ஒரு மகப்பேறு கிளினிக்கில் பதினொரு வருடம் டோக்கன் கொடுத்தவள் நான். கேட்டவர்களின் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் தென்காசிப் பக்கம் ஒரு பெண் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். "என் சம்சாரம் இன்னைக்கு வந்தாளா? டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று தினமும் நாலைந்து போன் வரும். மாமியார்களும் கேட்பார்கள். கட்டின புருஷனுக்குக்கூடச் சொல்லக் கூடாதா? சொல்லாவிட்டால் நேரில் வந்து சண்டை போடுகிறார்கள்.

பதில்: சொல்லக் கூடாது தங்கச்சி. என்ன நோய் என்பது இருக்கட்டும், வந்தாளா இல்லையா என்பதையே சொல்லக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பெண் டாக்டரிடம் சொன்னது அவளுக்குச் சொந்தம். தாலி கட்டியதால் அது கணவர் பெயருக்கு மாறிவிடாது. 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள், தொழில் வழியாகத் தெரிந்துகொண்ட ரகசியத்தை டாக்டர் வெளியே விடக் கூடாது என்கின்றன. நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ பெரிய ஆபத்து இருந்தால் சொல்லலாம். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய் என்றால் சொல்லலாம். விதிவிலக்கு அவ்வளவுதான். அந்த ரகசியம் டாக்டர் அறையில் இருந்து உன் மேசை வழியாகத்தான் வெளியே போகிறது. அதனால் டாக்டருக்கு உள்ள பூட்டு உனக்கும் உண்டு.

கருக்கலைப்பு என்றால் பூட்டு இன்னும் பெரிது. 1971-ம் வருடச் சட்டத்தை 2021-ல் திருத்தியபோது, அந்தப் பெண்ணின் பெயர், விவரத்தை வெளியிடும் டாக்டருக்கு ஒரு வருடம் வரை சிறை என்று சேர்த்தார்கள். அதற்கான அட்மிஷன் ரெஜிஸ்டரே ரகசிய ஆவணம். கேஸ் ஷீட்டிலும் தியேட்டர் ரெஜிஸ்டரிலும் பெயருக்குப் பதில் அந்த ரெஜிஸ்டரில் உள்ள வரிசை எண்ணைத்தான் எழுத வேண்டும். இன்னொன்று, வயது வந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. எச்.ஐ.வி. பற்றித் தனியாகவே 2017-ல் சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பரிசோதனைக்கே விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், முடிவை வெளியே விடக் கூடாது.

போனில் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில் சொல். "நோயாளி விவரம் போன்ல சொல்றதில்லைங்க, அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க." வந்தவர்கள் வீட்டுக்கு மட்டும் இப்படிச் சொல்லி, வராதவர்கள் வீட்டுக்கு "இன்னைக்கு வரலையே" என்று சொல்லிவிட்டால், நீ சொல்லாமல் விட்டதே காட்டிக்கொடுத்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். அடிக்கடி வரும் ஒரு அக்கா, கையில் எப்போதும் மஞ்சள் துணிப்பை. ஒரு நாள் அவர் போன பிறகு அவருடைய கொழுந்தன் வேறு வேலையாக வந்தார். தெரிந்த முகம். "அண்ணிக்கு என்னவாம்?" என்றார். "பாவம்ணே, இந்தத் தடவையும் தங்கல" என்று சொல்லிவிட்டேன். அனுதாபத்தில் சொன்னதுதான். மறுநாள் காலையில் அந்த அக்கா வந்தார், டோக்கன் வாங்கவில்லை. மேசை முன்னால் நின்று, "நான் வீட்ல இன்னும் சொல்லலையே கண்ணு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்குக்கு வரவே இல்லை. அவர் எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு வருடம் மனதில் நின்றிருக்காது.

போன் மட்டும் இல்லை. ரிப்போர்ட்டுகளை மேசைமேல் அடுக்கி, வருகிறவர்களே புரட்டித் தங்கள் பெயரைத் தேடி எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தனக்கு வேண்டியதைத் தேடுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் பார்ப்பார். நாளைக்கே அந்த அடுக்கை எடுத்து இழுப்பறைக்குள் வை. கம்ப்யூட்டர் திரை காத்திருப்பவர்கள் பக்கம் பார்த்திருந்தால் திருப்பு. ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் பெயரோடு ரிப்போர்ட் போட்டோ போடுவதை நிறுத்தச் சொல்.

கேள்வி: மேடம், நான் மதுரையில் தனியார் மருத்துவமனை வார்டு செக்ரெட்டரி. அட்மிஷன் போடும்போதே ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடச் சொல்கிறார்கள். படிவம் இங்கிலீஷில் இருக்கும், என்ன ஆபரேஷன் என்ற இடம் காலியாக இருக்கும். பெரும்பாலும் கூட வந்தவர்தான் போடுவார். நோயாளியும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. இது செல்லுமா?

பதில்: செல்லாது. கோர்ட்டில் அந்தத் தாளை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுத்தால், காலியிடத்தைப் பிறகு நிரப்பிய மையின் நிறத்தில் இருந்து ஆரம்பிப்பார்.

சம்மதம் என்பது ஒரு பேச்சு. என்ன செய்யப் போகிறோம், ஏன், என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று டாக்டர் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்கிறார். நோயாளி கேட்டு, யோசித்து, சரி என்கிறார். அந்தப் பேச்சு நடந்ததற்கு அடையாளம்தான் கையெழுத்து. பேச்சே நடக்காமல் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு, சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சொன்னது. டெல்லியில் 44 வயது, திருமணமாகாத பெண். என்ன பிரச்சினை என்று லேப்பராஸ்கோப்பி, அதாவது வயிற்றுக்குள் குழாய் கேமரா, வைத்துப் பார்க்க 1995-ல் அட்மிட் ஆகிறார். மயக்க மருந்து கொடுத்த பிறகு, உள்ளே இருந்து உதவி டாக்டர் வெளியே வந்து, காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு போகிறார். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். சிகிச்சை தவறு என்று கோர்ட் சொல்லவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, கண் விழித்ததும் அவரையே கேட்டிருக்கலாம், வயது வந்த பெண்ணுக்காக அம்மா சம்மதம் தர முடியாது என்றது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குப் போதாது. டாக்டருக்குக் கட்டணமும் கிடையாது, 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று தீர்ப்பானது. பணம் சிறியதுதான், ஆனால் இன்றைக்கும் சம்மத வழக்கு எதுவானாலும் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுக்கிறோம்.

ஆகவே நோயாளி நினைவோடு இருக்கும் வயது வந்தவர் என்றால் அவரே போட வேண்டும். கூட வந்தவர் சாட்சியாகப் போடலாம். பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர். குழந்தைப்பேறு இல்லாமல் போகக்கூடிய அறுவைக்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று 2002 விதிகளில் இருக்கிறது. நினைவிழந்து, உயிர் போகும் நிலையில் கொண்டுவந்தால் கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்த நிலையை நேரத்தோடு டாக்டர் எழுதி வைத்தால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது, தமிழ்ப் படிவம் கேளுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு வாசித்துக் காட்டி, வாசித்தவர் யார் என்று எழுதுங்கள். காலியாக இருக்கும் தாளை நீட்டச் சொன்னால், "டாக்டர் எழுதித் தரட்டும் சார், வாங்கித் தர்றேன்" என்று சொல்லுங்கள். அந்தப் படிவத்தில் சாட்சி இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கப்போகிறது.

கேள்வி: தெரிந்தவர்கள் "பத்து நாள் முன்தேதி போட்டு ஒரு லீவ் சர்டிபிகேட்" என்று கேட்கிறார்கள். டாக்டர் கையெழுத்திட்ட லெட்டர்பேடு என்னிடமே இருக்கிறது. மறுத்தால் மனஸ்தாபம்.

பதில்: மனஸ்தாபம் ஆகட்டும் தம்பி. பொய்ச் சான்று கொடுத்த டாக்டரின் பெயர் மருத்துவப் பதிவேட்டில் இருந்தே நீக்கப்படலாம். எழுதிக் கொடுத்த உன்மேல் போலி ஆவணக் குற்றம் வரும். ஒவ்வொரு சான்றுக்கும் நகல் வைத்து, நோயாளியின் கையெழுத்தோ ரேகையோ, முகவரி, ஓர் அங்க அடையாளம் எல்லாம் பதிய வேண்டும் என்பது விதி. முன்தேதிக்காரர் அந்த ரெஜிஸ்டரில் எங்கே நுழைவார்? கையெழுத்திட்ட வெறும் தாள்களை இன்றைக்கே டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

கேள்வி: ஒரு நோயாளி இறந்துவிட்டார். மகன் கேஸ் ஷீட் நகல் கேட்கிறார். "வக்கீலைப் பார்க்கப் போறாங்க, இழுத்தடி" என்கிறார் மேனேஜர். நர்ஸிங் சார்ட்டில் இரவு இரண்டு வேளை குறிப்பு விட்டுப் போயிருக்கிறது, அதை நிரப்பவும் சொல்கிறார். என்ன செய்வது? (கோவையில் இருந்து, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு)

பதில்: நிரப்பாதீர்கள். உங்கள் கேள்வியில் முதல் பாதியைவிட இந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

குறிப்பு விட்டுப்போனது ஒரு குறை. அதற்கு விளக்கம் சொல்லலாம். அன்று இரவு வார்டில் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் இருந்தார் என்று காட்டலாம். பிறகு உட்கார்ந்து நிரப்பினால் அது பொய் ஆவணம். நான் நுகர்வோர் வழக்குகளில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். ஒருமுறை ஒரு சார்ட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஆறு வேளை இரத்த அழுத்தம், ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். இரவு பத்து மணிக்கு எழுதிய கையும் காலை ஆறு மணிக்கு எழுதிய கையும் ஒரே மாதிரி களைக்காமல் இருந்தது. அதைக் குறுக்கு விசாரணையில் கேட்டதும் மற்ற பக்கங்கள் உண்மையாக இருந்தும் யாரும் நம்பவில்லை. எழுதியதில் பிழை இருந்தால் ஒரே கோடு போட்டு அடி, அடித்தது படிக்கும்படி இருக்கட்டும், பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி, நேரம், சுருக்கொப்பம் போடு. வெள்ளை மை பாட்டில் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

நகல் விஷயத்துக்கு வருகிறேன். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ சட்ட அதிகாரிகளோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மகன் வாரிசு என்பதற்கு அத்தாட்சி, அடையாள அட்டை வாங்கிக்கொண்டு, எத்தனை பக்கம் என்று எண்ணி எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். மூலம் உங்களிடம் இருக்கட்டும். வக்கீலைப் பார்ப்பது அவர் உரிமை. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 1995 நவம்பரில் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது. கட்டணம் வாங்கும் மருத்துவமனை மேல் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இழுத்தடித்தால் அதுவே சேவைக் குறைபாடு என்று தனியாக ஒரு பத்தி சேரும்.

இன்னொன்று, அன்றைக்குத் தேதியிட்டு, "இந்தச் சார்ட்டை நிரப்பச் சொன்னார்கள், நான் செய்யவில்லை" என்று உங்கள் சொந்த டைரியில் எழுதிவையுங்கள்.

கேள்வி: எங்கள் சிறிய கிளினிக்கில் இரவில் விபத்துக் கேஸ் வந்தால், "போலீஸ் கேஸு, ஜி.ஹெச்.க்குப் போங்க" என்று சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு. சரிதானா?

பதில்: இல்லை. 1989-ல் பரமானந்த் கடாரா வழக்கு இதிலிருந்துதான் வந்தது. கார் மோதிய ஸ்கூட்டர்காரரை அருகில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். சட்டம் சம்பந்தப்பட்ட கேஸ் இங்கே எடுப்பதில்லை என்று இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்புகிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பது முதல் கடமை, போலீஸ் நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உங்களிடம் வசதி இல்லை என்றால் இரத்தத்தை நிறுத்தி, மூச்சுக்கு வழி செய்து, 108-க்குச் சொல்லி, என்ன செய்தோம் என்று சீட்டு எழுதி அனுப்புங்கள். பாலியல் வன்கொடுமையோ ஆசிட் வீச்சோ என்றால் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தருவது கட்டாயம், மறுத்தால் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை. போலீசுக்கும் உடனே தகவல் தர வேண்டும்.

ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு, எழுதுவது டாக்டர் வேலை. கூட வந்தவர் சொல்லச் சொல்ல நீங்கள் நிரப்பாதீர்கள். "தெரிந்த இருவர் தாக்கியதாக" என்பதற்கும் "தெரியாத நபர்கள் தாக்கியதாக" என்பதற்கும் உள்ள வித்தியாசம் செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு வழக்கையே கவிழ்க்கும். அவசரத்தில் ஒரு கை எழுதிய அந்த ஒரு சொல்லை வைத்து, இரண்டு வருடம் கழித்துச் சாட்சியை அரைமணி நேரம் நிறுத்திக் கேட்பார்கள்.

கேள்வி: டாக்டர் ஊருக்குப் போனால் போனில் சொல்வார், நான் ஊசி போடுவேன். ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படித்திருக்கிறேன். ஏதாவது ஆனால் பொறுப்பு டாக்டருக்குத்தானே?

பதில்: இழப்பீடு என்ற அளவில் முதலாளியும் சேர்ந்து பொறுப்புதான். வேலைக்காரர் வேலையில் செய்த தவறுக்கு வேலை கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். டெல்லியில் ஒரு மருத்துவமனையில், டைபாய்டு என்று சேர்த்த குழந்தைக்கு நர்ஸ் வேறு மருந்தை நரம்பில் ஏற்றினார், குளோரோகுயின். மூளை பாதிக்கப்பட்டு மீளவே இல்லை. குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சம், பெற்றோருக்கு ஐந்து லட்சம் என்று மருத்துவமனையே தர வேண்டியதாயிற்று. 1998-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆனால் குற்ற வழக்கு அவரவர் தலையில்தான். இதைக் கவனமாகப் படியம்மா. 2024 ஜூலை 1-ல் இருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அஜாக்கிரதையால் மரணம் என்றால் ஐந்து வருடம் வரை சிறை. பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையின்போது செய்ததென்றால் மட்டும் இரண்டு வருடம். அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ள டாக்டருக்குத்தான், உனக்கு இல்லை. அவர் போனில் சொன்னார் என்பதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது? குரல் காற்றோடு போய்விட்டது. மருந்தின் பெயர், அளவு, எந்த வழி என்று எழுத்தில் அனுப்பச் சொல். நேரம் எழுதி வை. அவர் பார்க்காத நோயாளிக்குப் புது ஊசி போடவே போடாதே.

கேள்வி: (அவசரம் என்று எழுதி வந்தது) ஒரு அம்மா மகளைக் கூட்டி வந்தார். பெண்ணுக்குப் பதினேழு வயது, மூன்று மாதக் கர்ப்பம். "யாருக்கும் தெரியக் கூடாதும்மா, கல்யாணம் பேசி முடிச்சாச்சு" என்று அழுகிறார். ஓ.பி. சீட்டில் வயது பத்தொன்பது என்று போடச் சொல்கிறார். நான் போடவில்லை. டாக்டர் நாளைக்கு வருவார். நான் செய்தது சரியா?

பதில்: கடிதம் வந்த அன்றே இவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சரிதான் கண்ணு, நூற்றுக்கு நூறு சரி. வயதை மாற்றி எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எல்லாவற்றையும் உன் பேனாவால் அடித்திருப்பாய். பதினெட்டுக்குக் கீழே என்றால் அவள் சம்மதித்தாள் என்பதோ, கல்யாணம் பேசியாயிற்று என்பதோ கணக்கில் வராது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012-ம் வருடப் போக்சோ சட்டம், குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. டாக்டர் மட்டும் என்று இல்லை, எவரும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. கர்ப்பத்தைத் தொடர்வதா கலைப்பதா என்பதை டாக்டர் அவளிடமும் காப்பாளரிடமும் பேச வேண்டும், கலைப்பதென்றால் காப்பாளர் சம்மதம் எழுத்தில் வேண்டும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்துவிட்டது. கருக்கலைப்புக்கு வந்த சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தகவல் தரும்போது பெயரையும் அடையாளத்தையும் தர வேண்டியதில்லை. அந்த அம்மாவின் பயத்தில் பாதி இதைக் கேட்டாலே குறையும், ஆகவே டாக்டர் இதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு இரத்தப்போக்கோ வலியோ இருந்தால் எந்தக் காகிதமும் கேட்காமல் உடனே பார்க்க வேண்டும், விதியே அப்படித்தான். அம்மாவையும் அவளையும் ஹாலில் உட்கார வைக்காதே, உள்ளறையில் உட்கார வை. அம்மா இல்லாத ஐந்து நிமிடம், டாக்டரோ பெண் நர்ஸோ அவளிடம் தனியாகப் பேசட்டும். யார் என்பதை அம்மா முன்னால் சொல்ல முடியாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஒரு சிறு தாளில் எழுதி அவள் கையில் கொடு. ஓ.பி. சீட்டில் பதினேழு என்றே இருக்கட்டும்.